இடது சப்பாத்து

குறிஞ்சிப்பிட்டி
05.06.2025

அன்பு மச்சி மர்ளியாவுக்கு மதினி றிஸ்மியா எழுதுவது,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மகள் ஸஃப்னாவும் உடம்புக்குச் சுகம். எருக்கலம்பிட்டியில் நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கையில் போன் இருக்க இவள் எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நாம் என்ன கதைத்தோம் சொல்லு? நீ "மதினி" என்பாய், நான் "மர்ளியா" என்பேன், பிறகு இரண்டு பக்கமும் அழுகைதான். ஸஃப்னா வந்து போனைப் பறித்து வைத்துவிடுவாள். என் வீட்டுக்காரர், உன் காக்கா, மௌத்தாகி ஒரு மாதமாகப் போகிறது, நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்றுகூட நான் கேட்கவில்லை. எழுத்தென்றால் அழுது முடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

புருசன் மௌத்தாகி இத்தா இருக்கிறவளின் சீவியம் உனக்குத் தெரிந்ததுதான். நான்கு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்ட முடியாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படவும் கூடாது. என் தம்பிமார் வேலியைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள். கச்சான் காற்று அதை அடிக்கிற சத்தத்தில் காது செவிடாகிறது. ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் பிந்தி எழும்புகிறார்களாம். உன் காக்கா விடியமுன் சுபஹ் தொழப் பள்ளிக்குப் போகும்போது அந்த இடது சப்பாத்தின் பிய்ந்த அடி 'சடக் சடக்' என்று அடிக்குமே, அதைக் கேட்டுத்தான் பாதிப் பேர் எழும்பியிருக்கிறார்கள். "இத ஒட்டித் தரட்டா?" என்று நான் எத்தனை தரம் கேட்டேன். "வேணாம், சனம் ஒழும்பட்டும்" என்பார்.

வருகிறவர்கள் எல்லாரும் சாப்பாட்டோடு வருகிறார்கள். வட்டிலப்பம், தொதல், பெட்டி பெட்டியாக பிஸ்கட். தட்டை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் நானும் தின்றுகொண்டிருந்தேன். புருசன் போனவளுக்கு இவ்வளவு பசிக்குமா என்று எனக்கே வெட்கம். போன கிழமை தலை சுற்றி விழுந்ததில் ஸஃப்னா வான் பிடித்து ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சீனி ஏறியிருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. அந்த டொக்டர் சிங்களப் பிள்ளை. "அம்மா, வேர்க்க வேர்க்க நடக்க வேணும்" என்றாள். இத்தாவைப் பற்றி ஸஃப்னா சொன்னாள். "வீட்டில வளவு இருக்குதானே? வளவுக்குள்ள நடங்க" என்றுவிட்டாள்.

ஆகவே நடக்கிறேன். மழைத்தண்ணீர் சுவரில் தெறிக்கும் என்று உன் காக்கா வீட்டைச் சுற்றிச் சீமெந்து போட்டாரே, அதில்தான். இரண்டு சுற்றில் மூச்சு வாங்குகிறது. நீ பார்த்தால் சிரிப்பாய்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓத நீ வர வேண்டும். நாளை மறுநாள் பெருநாள். பிள்ளைகளுக்கு என் சலாம்.

இப்படிக்கு,
உன் மதினி
றிஸ்மியா


எருக்கலம்பிட்டி
24.06.2025

அன்புள்ள மதினிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. கத்தத்துக்கு வராததற்கு என்னை ஏசாதீர்கள். மாமிக்கு உடம்பு வருத்தம் கடுமை என்று போனில் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி உண்மை, அந்த வீட்டுக்குள் வர எனக்குக் கால் எழும்பவில்லை.

உங்களுக்குத் தெரியாததா மதினி? என் மகள் அகீலாவின் கலியாணத்துக்கு வருவேன் என்று சொன்ன காக்கா வரவில்லை. தாய்மாமன் இல்லாமல் கலியாணம் நடந்தது என்று என் மாமியார் வீட்டில் எத்தனை பேச்சுக் கேட்டேன். அன்றிலிருந்து இரண்டு வருடம் நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் எனக்குப் போன் எடுப்பார், பெயரைப் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைப்பேன். உப்பளத்தில் அவர் விழுந்து மௌத்தான செய்தி வந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது பொழுது பட்டு மஃரிப். உங்கள் ஒழுங்கைக்குள் நான் இறங்க, எதிரே அடக்கிவிட்டு வெறும் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் பள்ளிக்குத் திரும்பி வந்தார்கள். முகம் கூடப் பார்க்கவில்லை. அது உங்கள் பிழை இல்லை. மையித்தை அடக்காமல் வைத்திருக்க முடியாது என்று எனக்கும் தெரியும்.

நான் இப்போது எழுதுவது வேறு விஷயம். நேற்று உங்கள் பக்கத்து வீட்டு அலீமா ராத்தா எனக்குப் போன் எடுத்தார். "புள்ள, ஒனக்கிட்ட சொல்லாம இருக்க ஏலாது. ஒண்ட காக்காட சப்பாத்துச் சத்தம் கேக்குது" என்றார். சுபஹ் பாங்குக்கு முன்னால், உங்கள் தகர வேலிக்குள், வீட்டைச் சுற்றி. அந்த இடது சப்பாத்து அடிக்கிற அதே சத்தமாம். ஒரு நாளில்லை, பல நாள். அவருடைய மருமகளும் கேட்டிருக்கிறாளாம். "பொஞ்சாதியையும் புள்ளையையும் காவல் பாக்க வாறாரு" என்று அழுதார்.

மௌலவிமார் அப்படி ஒன்றும் இல்லை என்பார்கள். சொல்லட்டும். தொண்ணூறில் இயக்கம் துவக்கோடு வந்து இதே எருக்கலம்பிட்டியை விட்டு எங்களை அனுப்பியபோது வள்ளத்தில் கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். எனக்கு எட்டு வயது. விடியவில்லை, கும்மிருட்டு. உம்மாவின் இடுப்பில் தம்பி. காக்கா வாப்பாவின் பெரிய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். நான் அழுதேன். "அழாத, என்ட கால் சத்தத்தக் கேட்டுக்கிட்டு வா" என்றார். அதைக் கேட்டுக்கொண்டுதான் உங்கள் ஊருக்குள் வந்தேன்.

அவர் நடக்கிறார் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. நேற்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன் மதினி. அவர் போன பிறகு முதல் தடவை. நீங்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டீர்களா? மறைக்காமல் எழுதுங்கள்.

உங்கள்
மர்ளியா


குறிஞ்சிப்பிட்டி
29.06.2025

மர்ளியா,

அது உன் காக்கா இல்லை. அது நான்.

நடந்துகொண்டிருந்தேன் என்று எழுதினேன் அல்லவா? பெருநாளுக்கு அடுத்த நாள், பின்னிரவில் தஹஜ்ஜுத் தொழுதுவிட்டு வளவில் இறங்கினேன். பின்னாலிருந்து காற்று பலமாகத் தள்ளியது. கால் தானாக வேகம் எடுத்தது. நானும் விட்டுவிட்டேன். ஓடினேன் என்று சொல்வது பெரிய பேச்சு. கிணற்றடியிலிருந்து குளியலறை மூலை வரைக்கும்தான். கோழிகள் கலைந்து பறந்தன. நெஞ்சு எரிந்தது, தொடை இரண்டும் என்னை விட்டுவிட்டுத் தனியாக ஆடின, சொல்ல வெட்கம், கொஞ்சம் சிறுநீரும் போய்விட்டது. முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தேன். நாற்பத்தேழு வயதில், வெள்ளைச் சேலையில், இத்தாவில் இருக்கிறவள், தனியாக நின்று சிரித்தேன். அதற்காக அன்று பகல் முழுக்க அழுதேன்.

அடுத்த நாளும் போனேன். ரப்பர் செருப்பு வழுக்கியது. வெறுங்காலோடு ஓடினால் சீமெந்து குதிகாலைப் பிளந்தது, மணலில் இறங்கினால் நெருஞ்சி முள். உன் காக்காவின் உடுப்பெல்லாம் கொடுத்துவிட்டோம். சப்பாத்தை மட்டும் நான் அலுமாரிக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தேன். ஏன் என்று எனக்கே தெரியாது. முன்னால் பழந்துணி அடைத்துப் போட்டுக்கொண்டேன். காலைப் பிடித்துக்கொண்டது.

இப்போது வீட்டை ஒரு சுற்று நிற்காமல் ஓடுவேன். பிறகு ஒரு சுற்று நடப்பேன், மூச்சு வந்ததும் மறுபடி ஓடுவேன். ஆமை பார்த்தாலும் சிரிக்கும். ஆனால் ஓடுகிற அந்த நேரம் மட்டும் அவர் மௌத்தானது எனக்கு ஞாபகத்தில் இல்லை. அடுத்த மூச்சைத் தவிர ஒன்றுமே இல்லை. நின்றதும் எல்லாம் திரும்ப வரும், கூடவே வெட்கமும் வரும். இத்தா அவரை நினைத்திருக்கிற காலம். நானோ அவருடைய சப்பாத்தையே போட்டுக்கொண்டு அவரை மறக்கிறேன்.

ஒழுங்கை முழுக்கத் தெரிந்த சத்தம் அது என்று எனக்கு உறைக்கவே இல்லை, மர்ளியா. எனக்குக் கேட்டதெல்லாம் என் மூச்சுத்தான்.

இதுவரை எழுதிவிட்டு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "நேற்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்" என்று எழுதியிருக்கிறாய். இதை நான் தபாலில் போடமாட்டேன். அடுப்பில் போடுகிறேன்.


குறிஞ்சிப்பிட்டி
29.06.2025

அன்பு மர்ளியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்தது. அலீமா ராத்தா சொன்னதை ஸஃப்னாவும் கேள்விப்பட்டிருக்கிறாள். எனக்கு அதைப் பற்றி என்ன சொல்வதென்று தெரியவில்லை. காற்று பலமாக இருக்கிறது, தகரம் ஓயாமல் அடிக்கிறது. நீ தூங்கினாய் என்று வாசித்தபோது சந்தோசமாக இருந்தது.

மாமிக்கு இப்போது எப்படி? கொத்தமல்லி அவித்துக் கொடு. வேறு விசேஷம் இல்லை.

உன் மதினி
றிஸ்மியா


எருக்கலம்பிட்டி
18.07.2025

அன்புள்ள மதினிக்கு,

கடிதம் கிடைத்தது. தகரம் காற்று என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் புரிகிறது. கேட்டது என்று எழுதினால் மௌலவிமார் ஏசுவார்கள், கேட்கவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். நீங்கள் எப்போதும் அப்படித்தான்.

நான் வரப்போகிறேன். அடுத்த மாதம் முதல் கிழமையில் மாமியைப் பார்த்துக்கொள்ள அவருடைய மகள், என் மைனி, வந்து நிற்பாள். உங்களோடு சில நாள் தங்குவேன். எனக்கென்று பாய் விரிக்க வேண்டாம், உங்களுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு விடியல் அந்தச் சத்தத்தைக் கேட்டால் போதும். அவருக்கு என்னோடு கோபமில்லை என்று எடுத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு அழவும் மாட்டேன், உங்களையும் அழவைக்கமாட்டேன்.

காக்காவுக்கு மாசிச் சம்பலும் பாணும் என்றால் உயிர். செய்து கொண்டுவருகிறேன். நாம் சாப்பிடலாம்.

உங்கள்
மர்ளியா


எருக்கலம்பிட்டி
11.08.2025

மதினிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். பாலாவிச் சந்தி வரைக்கும் தலவில திருவிழாவுக்கு வந்த சனம், பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. வீட்டுக்கு வந்து ஒரு கிழமையாகிவிட்டது. இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் இருந்த மூன்று விடியலும் உங்களுக்குத் தெரியும். காற்று கூட அடங்கியிருந்தது. முதல் நாள், நான் வந்த களைப்பில் தூங்கிப்போனேனோ என்று நினைத்தேன். இரண்டாம் நாள் தூங்கவே இல்லை. மூன்றாம் நாள் பாங்கு சொன்னபோது நீங்கள் என் தலையைத் தடவி, "அழாத புள்ள, ஒண்டுமில்ல" என்றீர்கள். போகும்போது அலீமா ராத்தா வேலியடியில் நின்று, "நீ வந்த பொறவுதான் புள்ள சத்தம் நிண்டிச்சி" என்றார். அவர் மனதில் கள்ளமில்லை. ஆனால் அந்தச் சொல்லோடுதான் நான் பஸ் ஏறினேன்.

அலீமாவுக்காக நடக்கிறார், அவருடைய மருமகளுக்காக நடக்கிறார். நான் வந்தால் நிற்கிறார். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? நான் போனைக் கவிழ்த்து வைத்தது போல அவர் இப்போது செய்கிறார். என் காக்கா என் பிழையைப் பொறுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் உங்கள் இத்தா முடியும். முடிகிற அன்று குளிப்பாட்டி வாசலுக்கு வெளியே கூட்டி வர நான் இருப்பேன் என்று மௌத்து வீட்டிலேயே சொன்னேன். என்னால் முடியாது. வேறு யாரையாவது கூப்பிடுங்கள். அவருக்குப் பிடிக்காதவள் அந்த வளவுக்குள் வரக்கூடாது. கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதவும் வேண்டாம்.

மர்ளியா


குறிஞ்சிப்பிட்டி
15.08.2025

மர்ளியா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருந்தால் நான் மனுசியில்லை.

உன் காக்காவின் சத்தம் உனக்காக நிற்கவில்லை. நான்தான் நின்றேன். அந்தச் சப்பாத்தில் துணி அடைத்துப் போட்டுக்கொண்டு, விடியமுன் கோழிகளைக் கலைத்துக்கொண்டு வளவைச் சுற்றி ஓடியது நான். சீனி வருத்தத்துக்கு நடக்கத் தொடங்கி ஓட்டத்தில் போய் நின்றது. பெருநாளுக்கு அடுத்த நாளிலிருந்து ஓடுகிறேன். நீ கேட்டெழுதியபோதே எல்லாவற்றையும் எழுதினேன், நீ தூங்கினாய் என்ற வரியைப் பார்த்துவிட்டு அடுப்பில் போட்டேன். காற்று, தகரம் என்று வேறு ஒன்றை எழுதி அனுப்பினேன்.

நீ வருகிறாய் என்றதும் சப்பாத்தை அரிசிப் பீப்பாவுக்குப் பின்னால் ஒளித்தேன். ஓடினால் நீ எழுந்து வந்து பார்ப்பாய். பார்த்தால் என்ன நினைப்பாய் என்று பயம். ஓடாவிட்டால் நீ ஒன்றும் கேட்காமல், சரி, இது அலீமாவின் கற்பனை என்று போய்விடுவாய் என்று கணக்குப் போட்டேன். அப்படி ஒரு முட்டாள் கணக்கு. நீ அதை இப்படி எடுத்துக்கொள்வாய் என்று நினைக்கவே இல்லை. உன்னை எட்டு வயதிலிருந்து தெரியும் என்று பெருமை அடித்துக்கொள்கிறவள் நான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீயாகக் கண்டுபிடித்து இதைவிட நொந்துபோகக் கூடாது. மூன்றாம் நாள் விடியலில் நீ மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்துக் கிடந்தாய். நான் பக்கத்தில் கிடந்தேன். உனக்காக மனம் பதறியது உண்மை. ஆனால் அதோடு, இன்றைக்கும் ஓட முடியவில்லையே என்று என் கால் துடித்தது. நீ அழும்போது எனக்கு அந்த நினைப்பு இருந்தது. அதை நினைத்தால் சாப்பாடு இறங்குவதில்லை.

உன்னை அவர் பொறுத்துக்கொண்டாரா என்று நீ என்னிடம் கேட்கலாம். எனக்குத் தெரியாது, மர்ளியா. அவர் உன் பெயரைச் சொல்லுவார், போன் எடுத்துப் பார்ப்பார், நீ எடுக்காவிட்டால் "சரி, பொறகு எடுப்பம்" என்பார். கலியாணத்துக்கு ஏன் போகவில்லை என்று நான் கேட்ட நேரமெல்லாம் வேறு கதைக்குப் போய்விடுவார். உங்களைத் துரத்திவிட்ட அந்த ஊருக்குள் மறுபடி கால் வைக்க அவருக்குப் பயம் என்று நான் நினைக்கிறேன். அது என் நினைப்புத்தான். மையித்துக்காக நான் பேசப்போவதில்லை. ஏற்கெனவே தெரியாமல் ஒரு தடவை பேசி உன்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். அந்தச் சப்பாத்துக்குள் இருந்தது என் கால்.

உன் காக்காவைக் கட்டுவதற்கு முன்னாலேயே எனக்கு நீ இருந்தாய். எங்கள் தென்னந்தோட்டத்தில் உங்களுக்குக் கொட்டில் போட்ட அன்று தண்ணீர் அள்ள என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை நீ. அவர் போய்விட்டார். நீயும் போனால் அதற்கு இத்தாவும் இல்லை, முடிவும் இல்லை.

ஏசியாவது எழுது.

றிஸ்மியா


குறிஞ்சிப்பிட்டி
03.09.2025

அன்பு மர்ளியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் ஸஃப்னா ஓடுகிறாள். லைட் பில்தான் வருகிறது. நீ எழுதமாட்டாய் என்று விளங்குகிறது. ஆனாலும் தெரியப்படுத்த வேண்டியவை இருக்கின்றன.

அலீமா ராத்தாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்களா? ஒங்களால எங்க ஓட ஏலும்? துக்கத்தில புத்தி தடுமாறுது" என்று எனக்கு ஓதித் தண்ணீர் தந்துவிட்டுப் போனார். தெருவில் நான் சொல்லித் திரியவும் முடியாது. ஆகவே ஒழுங்கையில் இன்னும் அது உன் காக்காதான். இப்போது சத்தம் நின்றுவிட்டதால் அவருடைய ரூஹு அமைதி அடைந்துவிட்டது என்கிறார்கள்.

உனக்குக் கடிதம் போட்ட பிறகு ஓட்டத்தை நிறுத்தினேன். ஒரு கிழமை தாக்குப்பிடித்தேன். பிறகு மறுபடி தொடங்கிவிட்டேன், வெறுங்காலோடு, முள்ளைப் பொறுக்கிவிட்டு மணலில். யாருக்கும் கேட்காது. வெட்கம் கெட்டவள் என்று நினை. சீனி இறங்கியிருக்கிறது என்று டொக்டர் சொன்னாள், ஆனால் அதற்காக மட்டும் ஓடுகிறேன் என்று சொன்னால் பொய். எனக்கு அது வேண்டும்.

சப்பாத்தைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். இடதின் அடியை ஒட்டிப் பள்ளியில் பாங்கு சொல்லும் பிலாலிடம் கொடுப்போம் என்கிறாள் ஸஃப்னா. நல்ல சப்பாத்து, யாராவது போடுவார்கள்.

பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை இத்தா முடிகிறது. வேறு யாரையும் கூப்பிடவில்லை. ஸஃப்னா போதும்.

உன் மதினி
றிஸ்மியா


எருக்கலம்பிட்டி
08.09.2025

மதினிக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தது. பொறுத்துக்கொண்டேன் என்று நான் எழுதமாட்டேன். நீங்கள் பொய் எழுதியது கூடப் பெரிதில்லை. எல்லாம் தெரிந்துகொண்டு பக்கத்தில் படுத்திருந்து என் தலையைத் தடவினீர்களே, அந்தக் கையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. முதல் கடிதத்தை வாசித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்து ஒட்டினேன்.

ஒட்டும்போது உங்களை நினைத்துப் பார்த்தேன். அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, சேலையைச் செருகிக்கொண்டு, காக்காவின் சப்பாத்தில் துணி அடைத்துக் கோழிகளைக் கலைத்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்துக்கு நடுவில் சிரிப்பு வந்ததால் கோபம் இன்னும் கூடியது. என் வீட்டுக்காரர் வந்து என்ன என்று கேட்டார். "ஒண்டுமில்ல, மதினி ஓடுறாவாம்" என்றேன். அதைச் சொன்னதும் அழுகை வந்தது. காக்கா போன பிறகு அப்படி ஒரு அழுகையை நான் அழுததில்லை.

அவர் என்னைத் துரத்தவில்லை. அது போதும். அவர் வரவும் இல்லை, இனி வரவும் மாட்டார். அதையும் இப்போதுதான் நம்புகிறேன். இதுவரைக்கும் நம்பவில்லை மதினி.

ஸஃப்னா சின்னப் பிள்ளை, அவளுக்கு என்ன தெரியும்? உங்களைக் குளிப்பாட்டி வாசலுக்கு வெளியே கூட்டி வர வேண்டியது காக்காவின் தங்கச்சி. சனிக்கிழமை பின்னேர பஸ்ஸில் வருவேன். மீனை வாங்கி வையுங்கள், ஆணம் நான் ஆக்குகிறேன். நீங்கள் ஆக்கினால் புளி கூடிப்போகும்.

இன்னொரு விஷயம். சப்பாத்தைப் பிலாலுக்குக் கொடுக்க வேண்டாம். இடது சப்பாத்தின் அடியை ஒட்டவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை விடியமுன் நீங்கள் எழும்பி, துணி அடைத்து அதைப் போட்டுக்கொண்டு ஓடுங்கள். மணலில் இல்லை, சீமெந்தில். நான் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்திருப்பேன். அது யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கப்போகிறேன்.

மூச்சு வாங்கினால் நடங்கள். பாங்கு சொல்லும் வரைக்கும் நிற்க மட்டும் வேண்டாம்.

மர்ளியா